பதிவேடும் வாய்மொழியும்

என் பாட்டனார் 1953ஆம் ஆண்டில் காலமானார். எனக்கு அப்போது ஐந்து வயது. நெடுங்காலம் கழித்து, நிலப் பாகப்பிரிவினை ஒன்றன் பொருட்டு அவருடைய இறப்புப் பதிவின் நகல் தேவைப்பட்டது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்துச் சில நாள் காத்திருந்து அதனைப் பெற்றேன். அந்நாளில் எங்கள் ஊரில் கிராம முன்சீப்புதான் பிறப்பு இறப்புக் கணக்கை எழுதிவந்தார். பாட்டனாரின் பெயர், தகப்பனார் பெயர், வயது 52, தொழில் பயிர்த்தொழில், இறந்த நாள் ஆகிய எல்லாம் அழகிய கையெழுத்தில் இருந்தன. இறப்பின் காரணம் என்னும் கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. "காய்ச்சல்" என்பதே அச்சொல்.

அந்த நகலை என் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பாட்டனாரின் இறுதி நாட்களில் அருகிலிருந்து பணிவிடை செய்தவர் அவர்தாம். கேட்டதும் அவர், "காய்ச்சல் கடைசி நாலு நாள்தானே, தம்பி! அதற்கு முன்னே ஒன்றரை வருஷம் அப்பா இருமிக்கொண்டே இருந்தாரே. சளியோடு ரத்தம் வந்ததே. அதை ஏன் எழுதவில்லை? பீடிக் கட்டு அவர் தலைமாட்டை விட்டு அகன்றதே இல்லையே; அதை யாராவது கேட்டார்களா?" என்றார்.

முன்சீப்பு பொய் எழுதவில்லை. கண்டதை, சொல்லக் கேட்டதை, அரசாங்கம் வகுத்துக் கொடுத்த கட்டத்திற்குள் அடங்குமாறு எழுதினார். அத்தையும் பொய் சொல்லவில்லை. ஆனால் இறந்த தேதியை அவரால் சொல்ல முடியவில்லை. ஆடியா ஆவணியா என்பதிலேயே ஐயம். ஆகவே, பதிவேடு ஒரு சான்று. வாய்மொழி மற்றொரு சான்று. பதிவேடு மறப்பதில்லை, ஆனால் கேட்பதும் இல்லை. மனிதர் அறிவர், ஆனால் மறப்பர். இவ்விரு சான்றுகளையும் அடுத்தடுத்து வைத்து ஒப்புநோக்கியபோதுதான் மருத்துவ ஆராய்ச்சி சில பேருண்மைகளைக் கண்டது. அந்த வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசாங்கமே பதியும் முறை ஏற்பட்டது. லண்டனிலிருந்த பதிவாளர் தலைமை அலுவலகத்தில் 1839ஆம் ஆண்டு வில்லியம் ஃபார் என்னும் மருத்துவர் பணியில் அமர்ந்தார். எத்தனை பேர் இறந்தனர் என்பதோடு நில்லாமல், எந்த வயதில், எந்த வட்டாரத்தில், எந்நோயால் இறந்தனர் என்று வகைப்படுத்தி அட்டவணையாக்கியவர் அவரே. எண்களைக் கொண்டு நோயை ஆராயும் கலைக்கு அவர் வழிகாட்டி எனலாம்.

1848, 1849ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி லண்டனைச் சூறையாடிற்று. ஃபார் தம் ஏடுகளைப் புரட்டினார். தேம்ஸ் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதிகளில் இறப்பு மிகுதி; மேடான பகுதிகளில் இறப்பு குறைவு. தரைமட்டம் உயர உயர இறப்பு ஒழுங்காகக் குறைந்துகொண்டே சென்றது. அக்காலத்து அறிஞர் பலர், அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே வாந்திபேதிக்குக் காரணம் என்று நம்பினர். தாழ்ந்த நிலத்தில் நச்சுக்காற்றுத் தேங்கும்; மேட்டில் கலைந்து போகும். எனவே ஃபாரின் அட்டவணை அக்கொள்கைக்கு அரண் செய்வதாகவே தோன்றிற்று.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஃபார் தந்த எண்களில் பிழையில்லை. அவற்றிலிருந்து கொண்ட முடிபு மட்டும் பிழை. தாழ்ந்த பகுதியில் வாழ்ந்தவர் என்ன காற்றைச் சுவாசித்தனர் என்று எண்ணினார்களே அல்லாமல், என்ன நீரைக் குடித்தனர் என்று இறப்புப் பதிவேடு யாரையும் கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு ஏட்டில் விடை இராது.

அக்கேள்வியைக் கேட்டவர் ஜான் ஸ்னோ. 1813ஆம் ஆண்டு யார்க் நகரில் பிறந்தவர். மயக்க மருந்து கொடுப்பதில் வல்லவர். 1853ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணிக்கு மகப்பேற்றின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர். வாந்திபேதி நீரின் வழியே பரவுகிறது என்று 1849ஆம் ஆண்டிலேயே அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மருத்துவ உலகம் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. 1854ஆம் ஆண்டில் அந்நோய் மீண்டும் தலையெடுத்தது.

தென் லண்டனில் அப்போது இரண்டு குடிநீர்க் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருவில் குழாய் பதித்திருந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனியின் நீர். அடுத்த வீட்டுக்கு மற்றொன்றின் நீர். சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி, நகரத்துக் கழிவு கலக்கும் பாட்டர்சீ என்னுமிடத்தில் ஆற்றுநீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனியோ 1852ஆம் ஆண்டில் தன் நீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதியிலுள்ள தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிக்கொண்டது. ஏழை, செல்வர், ஆண், பெண், முதியோர், சிறுவர் என்னும் வேறுபாடின்றி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், தாமே அறியாமல், இரு பிரிவினராகப் பிரிந்து நின்றனர். காற்று இருவர்க்கும் ஒன்றே. நீர் மட்டும் வேறு.

இறந்தவர் முகவரி பதிவு அலுவலகத்திலிருந்து ஸ்னோவுக்குக் கிடைத்தது. ஆனால் அவ்வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் நீர் வந்தது என்னும் செய்தி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனவே அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். துக்கம் நிகழ்ந்த வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களுக்கு நீர் தருவது எந்தக் கம்பெனி?" என்று வினவுவது எளிய செயலா? பலருக்கு விடை தெரியவில்லை. வாடகை வீட்டில் தண்ணீர் வரியை வீட்டுக்காரர் எங்கிருந்தோ கட்டிவிடுவார். குடியிருப்பவர் கம்பெனியின் பெயரை அறியார். அத்தகைய இடங்களில் ஸ்னோ சிறு குப்பியில் நீரை எடுத்துக்கொண்டு போய், வெள்ளி நைட்ரேட் சேர்த்துச் சோதித்தார். ஒரு கம்பெனியின் நீரில் மற்றதைவிட ஏறத்தாழ 40 மடங்கு உப்பு இருந்தமையால், வாய்மொழி தவறிய இடத்தில் நீரே சாட்சி சொல்லிற்று.

முதல் ஏழு வாரக் கணக்கை அவர் வெளியிட்டார். சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நீர் சென்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் வாந்திபேதியால் இறந்தனர். லாம்பெத் நீர் சென்ற 26,107 வீடுகளில் இறந்தவர் 98 பேரே. பத்தாயிரம் வீட்டுக்கு என்று கணக்கிட்டால் முன்னதில் 315, பின்னதில் 37.

இப்பணி நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டு இறுதியில், லண்டனின் சோஹோ பகுதியில் பிராட் தெருவைச் சுற்றி வாந்திபேதி இடிபோல் இறங்கிற்று. ஸ்னோ மீண்டும் பதிவு அலுவலகத்துக்குச் சென்று அவ்வார இறப்புகளின் பட்டியலைப் பெற்றார். கடைசி மூன்று நாட்களில் மட்டும் 83 இறப்புகள். ஏறத்தாழ எல்லாம் பிராட் தெரு அடிகுழாய்க்கு அருகே நிகழ்ந்தவை. பத்து இறப்புகள் மட்டும் வேறொரு அடிகுழாய்க்கு அருகில் இருந்த வீடுகளில் நேர்ந்தவை. ஏட்டை மட்டும் கண்டவர், "பார்த்தீர்களா, காரணம் இக்கிணறு அன்று" என்று முடித்திருப்பார். ஸ்னோ அவ்வீடுகளுக்குச் சென்று கேட்டார். அவற்றுள் ஐந்து குடும்பத்தார், "பிராட் தெரு நீரே எங்களுக்குப் பிடிக்கும், அங்கிருந்துதான் கொண்டுவரச் செய்வோம்" என்று கூறினர். வேறு மூவர் அத்தெருவின் பக்கத்துப் பள்ளியில் படித்த சிறுவர். செப்டம்பர் 7ஆம் நாள் மாலை உள்ளூர்ச் சபையாரிடம் ஸ்னோ தம் சான்றுகளை எடுத்துக் காட்டினார். மறுநாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

கைப்பிடி கழற்றிய கதை உங்களுள் பலர் அறிந்ததே. அதன் பின் நிகழ்ந்தது அவ்வளவாக யாரும் அறியாதது. ஆனால் நம் பொருளுக்கு அதுவே முக்கியம். அவ்வட்டாரத் தேவாலயத்தில் ஹென்றி வைட்ஹெட் என்னும் இளம் பாதிரியார் ஒருவர் இருந்தார். ஸ்னோவின் கருத்தை அவர் நம்பவில்லை. அதனைப் பொய்ப்பிக்கும் நோக்கத்தோடே விசாரணையில் இறங்கினார். அவர் அத்தெருவாருக்கு அந்நியர் அல்லர். நோயுற்றோர் படுக்கையருகில் நாள்தோறும் அமர்ந்தவர். ஆதலின் மருத்துவரிடம் கூறாததையும் மக்கள் அவரிடம் கூறினர். ஒரே வீட்டுக்குப் பலமுறை சென்றார். ஊரைவிட்டு ஓடியவரையும் தேடிக் கேட்டார். கேட்கக் கேட்க, இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் அக்கிணற்று நீரைக் குடித்தவரே என்பது தெளிவாயிற்று. நம்பாதவர் நம்பினார்.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. கிணற்றில் நோய் எவ்வாறு புகுந்தது? 1855ஆம் ஆண்டில் ஒருநாள் வேறெதையோ தேடி இறப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வைட்ஹெட்டின் கண்ணில் ஒரு பதிவு பட்டது. பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் செப்டம்பர் 2ஆம் நாள் ஐந்து மாதக் குழந்தை ஒன்று இறந்தது. இறப்பதற்கு நான்கு நாள் முன்னர்த் தொடங்கிய வயிற்றுப்போக்கால் உண்டான சோர்வு காரணம் என்பது பதிவு. வாந்திபேதி என்னும் சொல் அதில் இல்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் அக்குழந்தை சேரவில்லை. அவ்வீடோ அடிகுழாயை அடுத்தே இருந்தது. நோய் தெருவில் பரவுவதற்கு முன்பே குழந்தை நோயுற்றிருக்கிறது. வைட்ஹெட் உடனே அத்தாயிடம் சென்று வினவினார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டு முன்புறத்து மலக்குழியில் ஊற்றியதாக அவள் சொன்னாள். தோண்டிப் பார்த்தபோது அக்குழியின் செங்கற்சுவர் சிதைந்திருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் இடையே மூன்றடி தூரமும் இல்லை.

பதிவேடு இல்லையேல் அக்குழந்தையைக் கண்டிருக்க இயலாது. தாயின் சொல் இல்லையேல் அப்பதிவு வெறும் எழுத்தாகவே கிடந்திருக்கும்.

அரசாங்கக் குழுவொன்று 1855ஆம் ஆண்டில் ஸ்னோவின் கொள்கையை ஏற்க மறுத்தது. 1858ஆம் ஆண்டில், 45 வயதிலேயே, அவர் மறைந்தார். ஆனால் ஃபார் மனம் மாறினார். 1866ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் மீண்டும் வாந்திபேதி தோன்றியபோது, இறப்புகளைக் குடிநீர்க் கம்பெனி வாரியாகப் பிரித்துக் காட்டி, நீரே காரணம் என்று நிறுவியவர் அவரே. தம் பழைய முடிபைத் தம் எண்களாலேயே மாற்றிக்கொண்ட அப்பெருந்தன்மையை நாம் போற்றுதல் வேண்டும். 1884ஆம் ஆண்டில் ராபர்ட் காக் கல்கத்தாவில் நிகழ்த்திய ஆராய்ச்சியால் வாந்திபேதிக் கிருமி உலகறிய நிலைநாட்டப்பட்டது. கிருமி இன்னதென்று தெரியும் முன்பே நோயின் வழி தெரிந்துவிட்டது.

நிற்க. வாந்திபேதி சில நாளில் கொல்லும் நோய். நேற்றுக் குடித்த நீரை இன்று கேட்டறியலாம். முப்பது ஆண்டு கழித்துக் கொல்லும் நோயை என் செய்வது?

அத்தகைய கேள்வி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் இறப்புப் பதிவேட்டில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர் 1922ஆம் ஆண்டில் 612 பேர். 1947ஆம் ஆண்டில் 9,287 பேர். ஏறத்தாழ 15 மடங்கு. காரணம் என்ன? மோட்டார் வண்டிப் புகையா? சாலையில் பூசும் தாரா? பதிவேடு பெருக்கத்தைக் காட்டிற்று, காரணத்தைக் காட்டவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் பேராசிரியரும் ரிச்சர்டு டால் என்னும் மருத்துவரும் ஆராயப் புகுந்தனர். லண்டன் மருத்துவமனைகளில் இருந்த 709 நுரையீரல் புற்றுநோயாளரையும், வேறு நோயுற்ற 709 பேரையும் ஒரே வினாப்பட்டியலைக் கொண்டு கேட்டு, 1950ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைபிடிக்காதவர் இருவரே. தார்தான் குற்றவாளி என்று தொடக்கத்தில் ஐயுற்ற டால், ஆராய்ச்சியின் இடையிலேயே தாம் புகைப்பதை விட்டுவிட்டார்.

இதற்கு ஒரு நேர்மையான தடை எழுப்பப்பட்டது. மார்பில் நோய் என்று அறிந்தவன் தன் பழைய பழக்கத்தை மிகைப்படுத்திச் சொல்லமாட்டானா? கேட்பவரும் தாம் எதிர்பார்த்ததையே காதில் வாங்கிக்கொள்ளமாட்டாரா? இதற்கு விடை தந்தது மருத்துவமனைப் பதிவேடு. நுரையீரல் புற்றுநோய் என்று எண்ணிக் கேள்வி கேட்கப்பட்டவருள் சிலருக்குப் பின்னர் அந்நோய் இல்லை என்று முடிவாயிற்று. அவர்கள் விடைகளைத் தனியே எடுத்துப் பார்த்தனர். அவர்களின் புகைப் பழக்கம் புற்றுநோயாளரை ஒத்திருக்கவில்லை. ஏனைய நோயாளரையே ஒத்திருந்தது. நினைவு வளைந்திருந்தால் இவ்வாறு இராது.

அப்படியும் உலகம் அமைதியுறவில்லை. ஆகவே அவ்விருவரும் காலத்தை முன்னோக்கித் திருப்பினர். நோய் வந்தபின் கேட்பதைவிட, நோய் வருமுன் கேட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பது மேல் அன்றோ? 1951ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவர் 59,600 பேருக்குச் சிறு வினாப்பட்டியல் அனுப்பினர். 40,000 பேருக்கு மேல் பதில் எழுதினர். அவருள் ஆண்கள் 34,439 பேர். மருத்துவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் பெயர் தொழிற் பதிவேட்டில் இருந்தது. எங்கே சென்றாலும் தொடர்ந்து அறியலாம். பின்னர் ஒரு மருத்துவர் இறந்ததாகப் பதிவாகும்போதெல்லாம் பதிவாளர் அலுவலகம் செய்தி அனுப்பிற்று. நுரையீரல் புற்றுநோய் என்று எழுதியிருந்தால், சான்று எழுதிய மருத்துவரிடம் ஆதாரம் கேட்டுச் சரிபார்த்தனர்.

இம்முறையின் வலிமையைக் கவனியுங்கள். விடை எழுதியவர் தாம் எந்நோயால் இறப்போம் என்று அறியார். இறப்புப் பதிவாளரோ இறந்தவர் எழுதிய விடையை அறியார். வழக்குமன்றத்தில் ஒருவரையொருவர் காணாத இரு சாட்சிகள் ஒரே செய்தியைக் கூறுவது போன்றது இது. 1954ஆம் ஆண்டில் முதல் அறிக்கை வந்தது. நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர் 36 பேர். அவருள் புகைபிடிக்காதவர் ஒருவரும் இலர். புகைத்த அளவு ஏற ஏற இறப்பு விகிதமும் ஏறிற்று. அவ்வாராய்ச்சி ஐம்பது ஆண்டு நடந்தது. இடையிடையே வினாப்பட்டியல் மீண்டும் மீண்டும் சென்றது. ஹில் 1991ஆம் ஆண்டில் மறைந்தார். 2004ஆம் ஆண்டில், 91 வயதினராயிருந்த டால், தம் துணைவருடன் இறுதி முடிபை வெளியிட்டார். வாழ்நாள் முழுதும் சிகரெட்டுப் புகைத்தவர் சராசரியாக ஏறத்தாழப் பத்து ஆண்டு வாழ்வை இழந்தனர். முப்பது வயதில் விட்டவரோ அவ்விழப்பை ஏறத்தாழ முழுவதும் தவிர்த்தனர். இச்செய்தி உங்கள் வயதினர்க்கே உரியது என்பதை நான் விளக்கவேண்டுவதில்லை.

இந்நெறி நம் ஊருக்கும் வந்தது. 1990களில் டாக்டர் கஜலட்சுமியும் அவர் துணைவரும், டாலோடு பணியாற்றிய ரிச்சர்டு பீட்டோவுடன் சேர்ந்து, சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் பதிவான இறப்புகளை எடுத்துக்கொண்டனர். பயிற்சி பெற்றவர்கள் பதிவேட்டில் கண்ட முகவரிக்குச் சென்றனர். இறந்தவர் எவ்வாறு நோயுற்றார், புகைத்தாரா என்று வீட்டாரைக் கேட்டனர். இறந்த ஆண்கள் 43,000 பேரைப் பற்றியும், ஒப்பிடுதற்காக உயிரோடிருந்த ஆண்கள் 35,000 பேரைப் பற்றியும் அறிந்தனர். 2003ஆம் ஆண்டில் லான்செட் இதழ் முடிபை வெளியிட்டது. புகைபிடித்தவர் காசநோயால் இறப்பது புகைபிடிக்காதவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. மேனாட்டு ஏடுகளில் புகைக்குப் பலியானவர் பெரிதும் நுரையீரல் புற்றுநோயிலும் இதயநோயிலும் தென்பட்டனர். நம் நாட்டிலோ காசநோயும் அதனோடு கைகோத்து நின்றது. வீட்டாரைக் கேளாதிருந்தால் இது வெளிப்பட்டிராது.

இக்காலத்தில் பதிவேடுகள் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. 2006 முதல் 2010 வரை பிரிட்டனில் ஐந்து லட்சம் பேர் தாமே முன்வந்து வினாக்களுக்கு விடையளித்து, தம் மருத்துவப் பதிவுகளையும் அவற்றோடு இணைக்க இசைவு தந்தனர். ஸ்னோ பல மாதம் நடந்து செய்த இணைப்பை இயந்திரம் நொடியில் செய்கிறது. ஆயினும் இணைப்பின் உயிர்நாடி இயந்திரத்தில் இல்லை. ஒருவன் தன் நோயை ஏட்டில் எழுத விட்டதும், தன் பழக்கத்தை வாயால் சொன்னதும் நம்பிக்கையினால். அவனுடைய இசைவைப் பெறுவதும், பெயரை மறைத்துக் காப்பதும் ஆராய்ச்சியாளர் கடமை. அந்நம்பிக்கை ஒருமுறை குலைந்தால், ஏட்டில் மறைத்து எழுதுவர். கேட்டால் மாற்றிச் சொல்வர். இரு சாட்சியும் கெட்டுப்போகும்.

என் பாட்டனார் காசநோயால்தான் இறந்தார் என்றோ, பீடிதான் அவரைக் கொன்றது என்றோ நான் சொல்லத் துணியேன். பல்லாயிரவரைப் பற்றி உறுதியாகப் பேசும் இம்முறை, ஒரு தனிமனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆயினும் நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள். இறப்பின் காரணத்தை எழுதும்போது, அருகே நிற்கும் மகளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். ஏனையோர் வீட்டுக்கு எப்போதேனும் வினாப்பட்டியலோடு ஒருவர் வருவார். அவரை வாயிலில் நிறுத்தி அனுப்பிவிடாமல், அமரச் செய்து, உள்ளதை உள்ளவாறு சொல்லுங்கள்.

என் அத்தை தாம் உயிரோடிருந்தவரை, "அதை யாராவது கேட்டார்களா?" என்று பலமுறை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒருவர் வந்து கேட்டிருந்தால், பாட்டனாரின் பெயருக்கு எதிரே அந்த ஒற்றைச் சொல்லோடு இன்னும் இரண்டொரு சொற்களேனும் இருந்திருக்கும்.